சம்மனசு கையிலிருந்த லூட்

ஏழாம் நம்பர் நிட்டிங் மெஷின் நின்றுபோன அன்றுதான் இதை எழுதுகிறவன் சகாயராஜை முதலில் பார்த்தான். 2017 டிசம்பர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவன் சேர்ந்து ஏழு மாதமாகியிருந்தது. மூலனூர்ப் பக்கத்து முருங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவன், குடும்பத்தில் முதல் டிகிரி, மெர்ச்சண்டைசர் என்று அச்சடித்த கார்டைக் கழுத்திலிருந்து இறக்காமல் திரிந்த காலம். அவனுடைய ஆர்டருக்கான துணி அந்த மெஷினில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சாமளாபுரம் போகிற வழியிலிருந்த யூனிட்டுக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போனால், பொறுப்பாளர் தண்டாயுதபாணி இடுப்பில் கை வைத்து மெஷினையே பார்த்தபடி நின்றார்.

“பிட்டர் லீவுங்க தம்பி.”

“வேற பிட்டர் இல்லீங்களா?”

“இருக்கறாங்க. அவங்க கழட்டீருவாங்க. திருப்பி மாட்டறதுக்குச் சகாயராசுதானுங்க வேணும்.” தண்டாயுதபாணி துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டார். “பதினெட்டு வருசத்துல அந்தாளு சேந்தாப்புல நாலு நாளு லீவு போட்டு நான் பாத்ததே இல்லீங்க. காய்ச்சலான்னு கேட்டா இல்லீங்கறாரு. ஊட்ல விசேஷமான்னா அதுவுமில்லீங்கறாரு. மூடி கழட்டறேங்கறாருங்க. என்ன மூடின்னு நீங்களே போய்க் கேளுங்க. அப்படியே கையோட கூட்டியாந்துருங்க.”

சகாயராஜ் குடியிருந்த லைன் வீட்டின் கடைசிக் கதவு திறந்திருந்தது. தரையில் சாக்கு விரித்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில், பூசணிக்காயைப் பாதியாக வெட்டிக் கழுத்து வைத்தது போன்ற ஒரு பொருள். பக்கத்தில் கெரசின் ஸ்டவ், அதன் மேல் வெந்நீர். நீரில் சுட்டெடுத்த மெல்லிய கத்தியை மரப்பலகைக்கும் பூசணிக்கும் நடுவில் நூலளவு நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்திக்கொண்டிருந்தார். எதிரே அவர் மனைவி ரோஸ்மேரி அந்தப் பொருளின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“கிட்ட வராதீங்க தம்பி,” என்றார் ரோஸ்மேரி மெதுவாக. “தும்முனாக்கூட ஏசுவாவ.”

சகாயராஜ் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக்காரர். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகில் கால் வைத்தால் குமட்டிக்கொண்டு வரும். மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாததை ஊர் இரண்டு வருஷம் சொல்லிச் சிரித்தது. பத்தொன்பது வயதில் அவர் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார். ஹெல்ப்பராகச் சேர்ந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, ஊசி மாற்றி, பிட்டரானார். ஓடுகிற நூலில் விரல் வைத்தாலே எந்த ஃபீடரில் இழுவை கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதை அளக்க மீட்டர் இருக்கிறது. தண்டாயுதபாணி மீட்டரை வைத்து சகாயராஜைச் சோதித்துப் பார்த்து, கடைசியில் மீட்டரைத்தான் சர்வீசுக்கு அனுப்பினாராம்.

2013-இல் மெஷின் துடைக்க வேஸ்ட் எடுக்கப் போன இடத்தில் ஒரு பேப்பர் கிடைத்தது. பிரிண்டிங் செக்‌ஷன் தள்ளிவிட்டது. பாலியெஸ்டர் பனியனில் சூடாக வைத்து அழுத்தினால் நிறம் துணிக்கு ஏறிவிடும், அந்த வகைப் பேப்பர். அதில் வெளிறிய நிறத்தில், இறக்கையோடு ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், உட்கார்ந்து வீணை மாதிரி ஒன்றை மீட்டிக்கொண்டிருந்தது. பிரிண்டிங்காரர்கள் டிசைன் லிஸ்ட்டைப் பார்த்து, “அது லூட்டுங்க, அந்தக் காலத்து வெள்ளக்காரன் வீணை” என்றார்கள். பங்குச் சாமியாரும் நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய வாத்தியம் என்று சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

சகாயராஜுக்கு சங்கீதம் தெரியாது. கோயில் பாடகர் குழுவில் மேளம் தட்டியதோடு சரி. அவரை இழுத்தது கழுத்துதான். கழுத்தின் மேல்முனை நேராகப் போகாமல் ஒடித்து வைத்தது போலப் பின்னால் மடிந்திருந்தது. ஒரு பிட்டரால் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. யாரோ யோசித்துத்தானே மடித்திருக்க வேண்டும்? மூன்றாம் நாள், சைக்கிளில் போகும்போது பிடிபட்டது. பின்னால் இழுத்துக் கட்டினால்தான் தந்தி மேல்கட்டையில் அழுந்தி நிற்கும். சரி, அப்படியானால் உடம்பு ஏன் பானை மாதிரி? தந்திகள் ஏன் ஜோடி ஜோடியாக, ஓரத்தில் ஒன்று மட்டும் ஒற்றையாக? கேள்வி கூடிக்கொண்டே போனது. செய்து பார்த்தால்தான் தெரியும் என்று முடிவு செய்தார்.

பூவரசு மரத்தை ஒன்றரை மில்லி கனத்துக்குப் பட்டைகளாக இழைத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அயர்னிங் செக்‌ஷனில் ஆவி காட்டி ஒவ்வொன்றாக வளைத்து, பதினோரு பட்டைகளைச் சேர்த்துப் பானை கட்டினார். மேல் மூடிக்கு, வெளிநாட்டு மெஷின் வந்திறங்கிய பெட்டியின் பைன் பலகைதான். கணு இல்லாத, ரேகை நெருங்கிய பலகைக்காக நாற்பது பெட்டியாவது பிரித்திருப்பார். தந்திக்கு, அண்ணன் மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பு. எந்தக் கனம் வேண்டுமோ அதை எழுதிப் போட்டால் ஊரிலிருந்து வந்துவிடும். தடித்த தந்திகளுக்கு மட்டும் கிடார்க் கடையில் கம்பி சுற்றியதை வாங்கினார். விரல் வைக்கும் மெட்டுகளும் அதே தங்கூசிதான், கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டது.

முதல் தடவை தந்திகளை இழுத்துக் கட்டியபோது, அவற்றைத் தாங்கும் குதிரை மூடியிலிருந்து பிய்ந்து பறந்து காலண்டரில் அடித்தது. சந்து முழுக்க வெடிச்சத்தம். அதன் பிறகு சுருதியை மறந்துவிட்டு விரலை நம்பினார். நூலைத் தொடுவது போலவே தந்தியைத் தொட்டு, அது தாங்கும் இழுவையை முதலில் பிடித்து, அதற்குத் தக்க கனத்தைத் தேடினார். மூடிக்கு உள்பக்கம் ஒட்டும் குச்சிகளில்தான் சத்தம் இருக்கிறது என்பது ஐந்து முறை மூடியைக் கழற்றி மாட்டிய பிறகு தெரிந்தது. மெல்லிய தந்திகளின் கீழே இரண்டு சின்ன நேர்க்குச்சி, தடித்த தந்திகளின் கீழே வளைந்த ஒன்று. டப்பாவில் விற்கும் வெள்ளைப் பசையால் ஒட்டினால் கழற்ற முடியாது என்பதால், பழைய ஆசாரிகள் காய்ச்சும் வஜ்ஜிரத்துக்கு மாறினார். வஜ்ஜிரம் வெந்நீர் பட்டால் விட்டுக்கொடுக்கும்.

ஒன்றரை வருஷத்தில் வாத்தியம் நின்றது. இனி வாசிக்கப் பழக வேண்டும். படத்தில் சம்மனசு வலது கையால் கழுத்தைப் பிடித்து இடது கையால் மீட்டியது. இவரும் அப்படியே பிடித்தார். இடது கைப் பெருவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மெஷின் ஓடும்போது அதன் கவரில் இடது விரல்களால் தட்டித் தட்டிப் பழகினார். கை வீங்கியது. இவ்வளவு சிரமமாக இருப்பதால்தான் இந்த வாத்தியத்தை இப்போது யாரும் வாசிப்பதில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

2016 கிறிஸ்துமஸ் பூசையில் அவர் வாசித்த இரண்டு பாட்டைக் கேட்டவர்களில் தமிழ்மதி ஒருத்தி. சாமளாபுரத்துத் தறிக்காரர் மகள், கோயமுத்தூர்ப் பள்ளி ஒன்றில் மியூசிக் டீச்சர். சென்னையில் கிடார் படித்தபோது ஆசிரியர் வைத்திருந்த லூட்டை ஆறு மாதம் தொட்டவள். கோயமுத்தூரில் ஐந்து பேராகச் சேர்ந்து பழைய ஐரோப்பியப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பூசை முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

“அண்ணா, இதே மாதிரி எனக்கொண்ணு செஞ்சு தருவீங்களா? இதே மாதிரிங்ணா. அடுத்த டிசம்பர்ல நாங்க ஒரு கச்சேரி வெக்கறோம்.”

சகாயராஜிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. யூனிட்டில் அதற்குச் சுரைக்குடுக்கை என்று பெயர். அதில் மோர் ஊற்றிக் கொண்டுவரச் சொல்வார்கள். இப்போது அவர் செய்த ஒன்று வேறொருவர் கையில், மேடையில் ஒலிக்கப் போகிறது. அந்த வருஷம் முழுக்க அவருக்கு அது ஒன்றுதான் நினைப்பு. காலை ஷிப்டுக்கு முன் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பொழுது சாயும்வரை. பதினோரு மாதத்தில், முதலாவதை விட மெல்லிய மூடியோடு, நடுவில் கோலம் போலச் செதுக்கிய துளையோடு, இரண்டாவது லூட் தயாரானது.

கச்சேரிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தமிழ்மதி வாங்கிப்போக வந்தாள். மடியில் வைத்தாள். ஒரு தரம் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணா, இது உங்களுக்குச் செஞ்சதுங்களா? என்னோடது எங்கீங்ணா?”

“இதுதான் டீச்சர் உங்களுக்கு.”

“இது இடக்கைக்காரங்களுக்குச் செஞ்சதாட்ட இருக்குதுங்களே. ஒத்தை நரம்பு அந்தப் பக்கம் போயிருச்சு.”

சகாயராஜுக்குப் புரியவில்லை. தமிழ்மதி சற்றுத் தயங்கிக் கேட்டாள், “நீங்க இடக்கைதானுங்களே? கோயில்ல பாத்தனே. அதான் உங்களுக்குத் தக்க மாத்திக் கட்டியிருக்கறீங்கன்னு நெனச்சேன்.”

“இல்ல டீச்சர். வலக்கைலதான் சோறு திங்கேன்.”

“அப்புறம் ஏனுங்ணா இடக்கைல வாசிக்கறீங்க?”

“இதுக்கு இடக்கைதான டீச்சர்?”

தமிழ்மதி போனை எடுத்து லூட் வாசிப்பவர்களின் வீடியோக்களைக் காட்டினாள். பட்டன் போன்காரரான சகாயராஜ் இதையெல்லாம் பார்த்ததில்லை. முதல் ஆள் வலக்கையால் மீட்டினார். அடுத்த பெண்ணும் அப்படியே. ஆறாவது ஆளாவது இடக்கையாக இருப்பாரா என்று கடைசிவரை பார்த்தார். ரோஸ்மேரிதான் வாயைத் திறந்தார்.

“ரெண்டு வருசமா இடது கைக்குத் தைலம் தேச்சு விட்டவ நான்லா. அந்தத் தைலத்த வலது கைல தேச்சிருந்தா இந்நேரம் ரெண்டு லூட்டு வாசிச்சிருப்பாவ.”

தமிழ்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். “பரவால்லீங்ணா, நரம்பை மட்டும் மாத்திக் கட்டிக்கலாமுங்களே?”

அன்றே மாற்றிக் கட்டிப் பார்த்தார்கள். தடித்த தந்திகள் சத்தமில்லாமல் முனகின. மெல்லியவை தகரம் போலக் கத்தின. உள்ளே வளைந்த குச்சி இப்போது தப்பான தந்திகளின் கீழே இருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“இந்தத் தடவ நான் கிடார்லயே வாசிச்சுக்கறேனுங்ணா,” என்றாள் தமிழ்மதி. “இத அடுத்த வருசம் நிதானமாச் சரிபண்ணலாம்.”

“அடுத்த வருசம்னா அது வேற டீச்சர். இந்தக் கச்சேரிக்குன்னுதான செஞ்சேன்?” சகாயராஜ் லூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “ஒம்பது நாள் தாங்க. மூணு நாள் நீங்க பழகிக்கிடுங்க. என்னால முடியலன்னா கிடாரே வாசிங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

கடைசியாகச் சொன்னது பொய் என்று ரோஸ்மேரிக்குத் தெரியும்.

அந்த ஒன்பது நாளில் நாலாவது நாள்தான் ஏழாம் நம்பர் மெஷின் நின்றது. கத்தி மூடியைச் சுற்றி முக்கால்வாசி வந்திருந்தது. சகாயராஜ் நிமிராமலே, “ஒரு அரமணி நேரம் இரிங்க தம்பி” என்றார். இதை எழுதுகிறவன் காத்திருக்கும் நேரத்தில் ரோஸ்மேரி நடந்ததையெல்லாம் சொன்னார். வந்தவன் சுவரில் ஒட்டியிருந்த சம்மனசுப் பேப்பரைப் பார்த்தான். கம்பெனியில் சேர்ந்த முதல் மாதமே பிரிண்டிங்கில் பாடம் படித்தவன் அவன். தெரிந்த கேள்விக்கு வாய் சும்மா இருக்காதே.

“அண்ணா, இது சப்ளிமேஷன் பேப்பருங்க. கண்ணாடில பாக்கற மாதிரி திருப்பித்தானுங்க அடிப்பாங்க. துணில அமுக்குனாத்தான் நேராகும். இதுல இருக்கறவரு வலக்கைக்காரருங்ணா.”

சகாயராஜ் சட்டென்று பேப்பரைப் பார்த்துத் திரும்பினார். கத்தி நழுவியது. காய்ந்த ஓலை கிழிவது போல ஒரு சத்தம். மூடியின் ஓரத்திலிருந்து நாலு அங்குலத்துக்கு ரேகையோடு பிளந்து போயிருந்தது.

ரோஸ்மேரி வாயைப் பொத்திக்கொண்டார். வந்தவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சகாயராஜ் மட்டும் பிளவை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்து, ஸ்டவ்வை அணைத்து, கை கழுவினார்.

“வாங்க தம்பி, மெஷினப் பாப்போம். இப்ப இதத் தொட்டா மிச்சத்தையும் ஒடச்சிருவேன்.”

ஏழாம் நம்பரில் நாற்பது நிமிடம் வேலை செய்தார். துணி ஓட ஆரம்பித்ததும் தண்டாயுதபாணி கேட்டார், “மூடி கழண்டுச்சுங்களா?”

“கழண்டுது. கூடவே கொஞ்சம் கிழிஞ்சும் போச்சு.”

“அட கிரகமே. ஒட்டுனா ஒட்டுமுங்களா?”

“அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்.”

பதில் தறியிலிருந்து வந்தது. பிளவை வஜ்ஜிரத்தால் சேர்க்கலாம், ஆனால் தந்திகளின் இழுவையில் மறுபடி திறந்துகொள்ளும். உள்பக்கம் துணி ஒட்டி இறுக்க வேண்டும். வீட்டில் பனியன் துணிக்குப் பஞ்சமா? ஆனால் பனியன் துணி இழுபடும், அது அதன் குணம். நெய்த துணிதான் நகராமல் நிற்கும். வாழ்க்கையெல்லாம் பின்னல் துணியோடு இருந்தவர், தமிழ்மதிக்கு போன் போட்டு அவள் அப்பா தறியில் ஓடும் காடா துணியில் ஒரு முழம் கேட்டார்.

“எதுக்குங்ணா?”

“சும்மாதான் டீச்சர். கொஞ்சம் வேலை இருக்கு.”

அவள் கொண்டுவந்து கொடுத்தபோது பிளவைப் பார்த்துவிட்டாள். வாசல்படியில் உட்கார்ந்து காடாவை விரலகல நாடாக்களாகக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆறாம் நாள் பிளவு சேர்ந்தது. ஏழாம் நாள் உள்குச்சிகளைப் பெயர்த்துப் பக்கம் மாற்றி ஒட்டினார். எட்டாம் நாள் மூடியைப் பானையில் பொருத்தி, சுற்றிலும் ரோஸ்மேரியின் தையல் நாடாவால் இறுகச் சுற்றிவைத்தார். புதுக் குதிரையும், புது மேல்கட்டையும் வைத்தார். ஒன்பதாம் நாள் காலையில் தந்தி கட்டினார். எல்லாவற்றையும் ஒரே நாளில் இழுத்துவிடவில்லை. பாதி இழுவையில் நிறுத்தி, சாப்பிட்டு வந்து, மறுபாதி. தமிழ்மதி சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டாள். அவள் மீட்டியபோது பிளந்த பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் அதிரவில்லை.

கச்சேரி கோயமுத்தூரில் ஒரு பள்ளி ஹாலில் நடந்தது. அறுபது பேர் இருக்கும். சகாயராஜும் ரோஸ்மேரியும் பஸ்ஸில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் பத்து நிமிடம் அவர் கேட்டது பாட்டையல்ல, ஒட்டைத்தான். எந்த நிமிடமும் அந்தக் கிழிகிற சத்தம் வரும் என்று பிளாஸ்டிக் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டில் தந்தியை முறுக்கும் பிரடை ஒன்று நழுவிச் சுருதி இறங்கியது. தமிழ்மதி பாட்டு முடியும்வரை அந்தத் தந்தியைத் தொடாமலே சமாளித்து, முடிந்ததும் சேர்த்துக்கொண்டாள். ஒட்டு நின்றது. நாலாவது பாட்டில் இரண்டு பேர் பாட, லூட் மட்டும் கூடப் போனது. அவர் நினைத்திருந்ததை விட மெல்லிய சத்தம். ஹால் முழுக்க அசையாமல் இருந்தால்தான் கேட்கும். ஹால் அசையாமல்தான் இருந்தது.

“ஏட்டி, கேக்குதா?” என்றார் மனைவியிடம்.

“கேக்குது. பேசாம இருங்க.”

கச்சேரி முடிந்து தமிழ்மதி அவரிடம் வந்தாள். “அண்ணா, இனி நீங்களும் வலக்கைக்கு மாறிக்கறீங்களா? உங்களுக்குச் சுளுவா இருக்குமுங்களே.”

மூன்று மாதம் முயன்று பார்த்தார். வலது கை ஸ்பேனர் பிடித்துப் பிடித்து மரத்துப்போயிருந்தது. இடது கைக்குத்தான் இப்போது தந்தியின் மேல் கூச்சம் போயிருந்தது. தப்பாகக் கற்றதுதான், ஆனால் கற்றாகிவிட்டது. வலக்கை முயற்சியை விட்டுவிட்டார். தமிழ்மதி வீடியோவில் காட்டிய சுருதிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சகாயராஜுக்கு இப்போது ஐம்பத்துமூன்று வயது. அதே யூனிட்டில் ஜெனரல் ஷிப்டில் பிட்டராக இருக்கிறார். தனக்குச் செய்ததோடு சேர்த்து இதுவரை ஏழு லூட் செய்திருக்கிறார். ஆறு வெளியே போயிருக்கின்றன, கோயமுத்தூருக்கு மூன்று, பெங்களூருக்கு இரண்டு, புதுச்சேரிக்கு ஒன்று. ஆர்டர் கொடுக்க வருகிறவரிடம் முதலில் “எந்தக் கையால மீட்டுவிய?” என்று கேட்டு, அவரையே எழுதிக் கையெழுத்துப் போட வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் இடது கையால் வாசிக்கிறார். எட்டாவதுக்குப் பட்டைகள் வளைந்து காய்கின்றன. நல்ல பைன் பலகை கிடைக்காததால் மூடி மட்டும் நிற்கிறது.